சம்பை முதல்ல கழட்டுங்க

கட்டின புருஷன் நடுத்தெருவுல நின்னு, "வண்டி ஓட்டத் தெரியாதவ கையில வண்டியைக் கொடுத்தேன் பாரு, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்"னு கத்தினா உங்களுக்கு எப்படி இருக்கும்? எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. இந்தாங்கன்னு என் செருப்பைக் கழட்டி நீட்டிடலாமான்னு கூடத் தோணுச்சு. எங்க தெரு முழுக்க மெக்கானிக் பட்டறை. இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் அஞ்சு. அத்தனை பட்டறையிலயும் சுத்தியல் சத்தம் அப்படியே நின்னு போச்சு. கூப்பிட்டாக்கூடத் தலையைத் தூக்காத ஆளுங்க, அன்னைக்கு எல்லாரும் வண்டிக்கு அடியிலேர்ந்து எழுந்து வந்து வேடிக்கை பார்த்தாங்க.

என்னோடது பதினாலு சீட்டு டீசல் வேன். ஏழு வருஷமா நான்தான் ஓட்டுறேன். ஊருக்கு வெளியில இருக்கிற பேக்கிங் கம்பெனிக்குக் காலையில பதினோரு பொம்பளைங்களைக் கூட்டிட்டுப் போவேன், சாயங்காலம் கூட்டிட்டு வருவேன். டிரைவரக்கான்னு கூப்பிடுவாங்க. ஏழு வருஷத்துல அன்னைக்கு வரைக்கும் என்னால ஒருத்திக்கும் லேட் மார்க் விழுந்ததில்ல. அந்த டிரைவர் சீட்டை விட்டா எனக்குன்னு சொல்லிக்க வீட்டுல ஒரு இடம் கிடையாது. அடுப்படி இருக்கேன்னு சொல்லிடாதீங்க. அது எனக்குன்னு இருக்கிற இடமில்ல, நான் இருந்தே ஆகணும்கிற இடம்.

என் வீட்டுக்காரர்தான் வேனுக்கு மெக்கானிக். தெருவுல அவருக்கு மேஸ்திரின்னு பேர். வேலையில கைகாரர்தான், இல்லன்னு சொல்லல. ஆனா அவர் ஒரு முடிவுக்கு வந்துட்டா அந்த எஞ்சினே எழுந்து வந்து நான் அப்படியில்லன்னு சொன்னாலும் கேக்க மாட்டார்.

விஷயம் ஆரம்பிச்சது பதினோரு நாள் முன்னாடி. மேம்பாலம் தாண்டி நல்ல வேகத்துல போயிட்டிருக்கேன், ஸ்டீயரிங்குக்கு எதிர்க்க அந்தச் சிவப்பு விளக்கு எரிஞ்சுது. எண்ணெய்க் குவளை படம் போட்டிருக்குமே, அது. ஆயில் பிரஷர் விளக்கு. எஞ்சினுக்குள்ள எண்ணெய் சரியா ஏறலன்னு அர்த்தம். அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி ஓட்டினா கொஞ்ச நேரத்துல எஞ்சின் இறுகிப் பிடிச்சுக்கும், அப்புறம் இரும்புக் கடைக்குத்தான் போகணும். உடனே ஓரங்கட்டி ஆஃப் பண்ணேன். ஆயில் அளவு பார்க்கிற டிப் ஸ்டிக்கை உருவித் துடைச்சு மறுபடி விட்டுப் பார்த்தேன். ஆயில் இருக்க வேண்டிய அளவுல இருக்கு. குனிஞ்சு அடியில பார்த்தேன். ஒரு சொட்டு கசிவு இல்ல. அஞ்சு நிமிஷம் கழிச்சு ஸ்டார்ட் பண்ணா விளக்கு சமர்த்தா அணைஞ்சுடுச்சு.

அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். பட்டறையில வெச்சு ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தார். வண்டி நின்ன இடத்துல ஸ்லோவுல ஓடும்போது விளக்கு எரியவே இல்ல.

"சென்சார் கோளாறு"ன்னார். ஆயில் பிரஷரைப் பார்த்து விளக்கைப் போடுற சின்னச் சாமான் அது. கழட்டிட்டுப் புதுசு மாட்டினார். முடிஞ்சுதுன்னு கையைத் துடைச்சுக்கிட்டார்.

மூணாம் நாள் மறுபடி எரிஞ்சுது. அதே மாதிரி, வேகமா பத்து நிமிஷம் போன பிறகு. ஆஃப் பண்ணிக் கொஞ்ச நேரம் நிறுத்தினா சரியாயிடுது. வந்து சொன்னேன். இந்தத் தடவை வேற முடிவுக்கு வந்துட்டார்.

"பேரிங் தேஞ்சிருக்கு. தேஞ்ச சந்துல எண்ணெய் வழிஞ்சு ஓடிடுது, அதான் பிரஷர் நிக்கல. எல்லாம் நீ ஓட்டுற ஓட்டு. ஏத்தத்துல கியரைக் குறைக்காம இழுக்கிறது, ஆக்சிலேட்டரை மிதி மிதின்னு மிதிக்கிறது."

பதினெட்டு வருஷமா ஒரு மெக்கானிக்குக்குப் பொண்டாட்டியா இருக்கேங்க. தினமும் சாப்பிடும்போது எஞ்சின் பேச்சுதான். காதுல விழுந்ததுல பாதி மண்டையில நிக்காதா? அவர்கிட்டயே கேட்டேன். "பேரிங் தேஞ்சா ஸ்லோவுல நிக்கும்போதுதானே விளக்கு எரியணும்? ரேஸ் பண்ணா அணையணும்னு நீங்கதானே சொல்லுவீங்க? எனக்குத் தலைகீழா எரியுதே. ஸ்லோவுல ஒண்ணும் இல்ல, வேகத்துல எரியுது. ஆஃப் பண்ணி வெச்சா சரியாகுது. எதுவோ அடைக்குது. சம்பைக் கழட்டிப் பாருங்க."

சம்புன்னா எஞ்சினுக்கு அடியில எண்ணெய் தங்குற தொட்டி. அதைக் கழட்டச் சொன்னதுதான் நான் பண்ண பாவம்.

"ரெண்டு மாசம் முன்னாடிதான் அதைக் கழட்டி மூடினேன். நான் மூடின சம்புடி. இந்தத் தெருவுலயே என் சம்புதான் ஒரு சொட்டு கசியாது. அதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குப் பாடம் நடத்துறியா?"

நல்லா கேட்டுக்கோங்க, நான் கசியுதுன்னு சொல்லவே இல்ல. அடைக்குதுன்னுதான் சொன்னேன். அவர் காதுல ஏறினாத்தானே!

அன்னைக்கே இன்னொண்ணும் சொன்னார். எஞ்சினை இறக்கிப் பிரிச்சு மறுபடி கட்டணும், கட்டின பிறகு வண்டியைத் தம்பி ஓட்டட்டும்னு. என் கொழுந்தன் இதுக்கு முன்னாடி லாரி ஓட்டிட்டிருந்தான். அந்த வேலை போய் நாலு மாசமா வீட்டுல இருக்கான். தங்கமான பிள்ளைதான், அவன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா என் வேனை அவன் எதுக்கு ஓட்டணும்? எஞ்சின் கெட்டதுக்குக் காரணம் நான்னு ஆயிட்டா அந்த சீட்டு போச்சு. இல்லன்னு ஆனாத்தான் எனக்கு. அவ்வளவுதான் கணக்கு. அந்த நிமிஷத்துலேர்ந்து எனக்குத் தூக்கம் போச்சு.

இதுக்கு நடுவுல வந்து சேர்ந்தார் எங்கண்ணன். அவர் ஆயில் கடை வெச்சிருக்கார். எஞ்சின் ஆயில், கிரீஸ், அதுக்கும் மேல கலர் கலரா பாட்டில். ஆயிலோட கலந்து ஊத்துற மருந்து. புகை வந்தா ஒரு பாட்டில், சத்தம் வந்தா ஒரு பாட்டில், மைலேஜ் குறைஞ்சா ஒரு பாட்டில். தெருவுல அவருக்குச் சொட்டு மருந்துன்னு பட்டப்பேர். அதைச் சொன்னா அவருக்குக் கோபம் கூட வராது, விளம்பரம்னு சந்தோஷப்படுவார்.

"மாப்ளே, எஞ்சினை எல்லாம் இறக்காதீங்க. இந்த ஒரு பாட்டிலை ஊத்துங்க. இதுல இருக்கிற சரக்கு தேஞ்ச இடத்துல போய்ப் படிஞ்சுக்கும். சந்து அடைஞ்சா பிரஷர் தானா ஏறும்."

"மச்சான், தேஞ்ச இரும்பை எண்ணெய் ஊத்தி வளர்க்க அது என்ன தலைமுடியா?"

"உலகம் எங்கேயோ போயிடுச்சு மாப்ளே, நீங்க இன்னும் ஸ்பானரைப் பிடிச்சுக்கிட்டே நிக்கிறீங்க."

"ஆயில் கம்பெனிக்காரன் என்ன கேணயனா? எதைக் கலக்கணுமோ அதைக் கலந்துதான் டின்னுல அடைச்சு விக்கிறான். அதுக்கு மேல நீங்க என்னத்தக் கலக்குறீங்க? கெட்டியா ஒரு குழம்பைக் கலந்தா பிரஷர் முள் ஏறத்தான் செய்யும். அது காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரைப் பச்சைத் தண்ணியில வைக்கிற வேலை."

"அப்போ நான் ஊரை ஏமாத்துறேங்கிறீங்களா?"

"ஊரை இல்ல மச்சான், முதல்ல உங்களையே."

இப்படியே ஒரு மணி நேரம். ரெண்டு பேருக்கும் இதுல ஒரு குஷி. பல்லைக் கடிச்சுக்கிட்டு நான் நடுவுல நிக்கிறேன். எப்போ எரியுது, எவ்வளவு நேரம் கழிச்சு எரியுதுன்னு ஒருத்தராவது கேக்கணுமே! ரெண்டு பேரும் வாயால எஞ்சினைப் பிரிச்சு, வாயாலயே கட்டி முடிச்சுட்டுக் கிளம்பிட்டாங்க.

ஒத்துக்கறேன், பாட்டிலை ஊத்தினது நான்தான். ஆறாம் நாள் அண்ணன் கடைக்குப் போய் வாங்கிட்டு வந்து யாருக்கும் தெரியாம ஊத்தினேன். நம்பிக்கையிலயா ஊத்தினேன்? வேற வழியில்லாம ஊத்தினேன். சீட்டு கையை விட்டுப் போகுதுன்னு தெரியும்போது அறிவு எங்க வேலை செய்யுது? தேன் மாதிரி இறங்குச்சு. காலையில ஸ்டார்ட் பண்ணா எஞ்சின் சத்தமே குறைஞ்சு பூனையாட்டம் ஓடுது. அடடா, அண்ணன் ஜெயிச்சுட்டார்னு நினைச்சேன். முன்னாடி பத்து நிமிஷத்துல எரிஞ்ச விளக்கு அன்னைக்கு ஆறு நிமிஷத்துல எரிஞ்சுது. மருந்து குடிச்ச பிறகு நோய் இன்னும் உஷாராயிடுச்சு.

அதுக்கப்புறம் தினமும் பயந்து பயந்துதான் ஓட்டினேன். வேகமே போகல. விளக்கு லேசா மினுக்கினாலே ஓரங்கட்டி ஆஃப். நேரத்துக்குப் போகணும்னு அரை மணி நேரம் முன்னாடியே கிளம்பினேன். பொம்பளைங்களும் முணுமுணுக்காம அரை மணி நேரம் முன்னாடி வந்து நின்னாங்க. வண்டி நின்னா அவங்களே பேச்சை நிறுத்திட்டு விளக்கைப் பார்ப்பாங்க.

பதினோராம் நாள் காலையில அது அணையவே இல்ல. கம்பெனிக்கு இன்னும் ரெண்டு கிலோமீட்டர் இருக்கு. அஞ்சு நிமிஷம் விட்டுப் பார்த்தேன், பத்து நிமிஷம் விட்டுப் பார்த்தேன். ஸ்டார்ட் பண்ணா சிவப்பு. இன்னும் ரெண்டே கிலோமீட்டர்தானேன்னு ஒரு நப்பாசை வந்துச்சு. வேணாம்னு சாவியைத் திருப்பிட்டேன். பதினோரு பேரும் இறங்கி வெயில்ல நடந்தாங்க. அதுல ஒருத்தி ஏழு மாசக் கர்ப்பம். "பரவால்லக்கா, நீங்க என்ன பண்ணுவீங்க"ன்னு சொல்லிட்டுத்தான் போனா. அவ திட்டியிருந்தாக் கூடத் தேவலாம். அத்தனை பேருக்கும் அன்னைக்கு லேட் மார்க்.

வேனைக் கயிறு கட்டி இழுத்துட்டு வந்து பட்டறை வாசல்ல விட்டாங்க. வீட்டுக்காரர் உள்ள ஏறினார், சீட்டுக்கு அடியில கையை விட்டார், காலி பாட்டிலைத் தூக்கினார். அப்புறம்தான் அந்தச் செருப்பு, புத்தி, ஓட்டத் தெரியாதவ எல்லாம். "எஞ்சின்ல பசையைக் காய்ச்சி ஊத்தியிருக்கா, பாருங்கய்யா!"ன்னு பாட்டிலைத் தெருவுக்கே தூக்கிக் காட்டினார். "நாளையிலேர்ந்து தம்பிதான் ஓட்டுவான். இனிமே நீ இந்த வண்டிப் பக்கம் வரக் கூடாது."

கொழுந்தன் பக்கத்துலதான் நின்னான். தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

அழுகை வந்துச்சு. இந்தத் தெருவுல அழ மாட்டேன்னு முழுங்கினேன். அதுக்குள்ள யாரோ சொல்லி எங்கண்ணன் ஓடி வந்துட்டார். தங்கச்சிக்காக வர்றார்னு நினைச்சேன். அவர் நேரா போய், "பாட்டில் மேல பழியைப் போடாதீங்க மாப்ளே"ன்னு ஆரம்பிச்சார். பாட்டிலுக்குப் பரிஞ்சு பேச ஒரு ஆள் இருக்கு, எனக்கு இல்ல. மறுபடி அதே கச்சேரி. கெட்டி எண்ணெய், இளகின எண்ணெய், படியுது, படியல. ரெண்டு பேர் குரலும் ஏறிக்கிட்டே போகுது.

"நிறுத்துறீங்களா ரெண்டு பேரும்!"

நான் போட்ட சத்தத்துல எனக்கே தொண்டை கிழிஞ்சுது. "ஆயில் பிரஷர் அளக்கிற கேஜை மாட்டுங்க. பத்து நிமிஷம் ரேஸ் பண்ணி முள்ளைப் பார்ப்போம். பேரிங்தான்னு தெரிஞ்சா நானே சாவியை உங்க தம்பி கையில கொடுத்துடுறேன். இல்லன்னா சம்பைக் கழட்டணும். இந்தத் தெருவே சாட்சி."

தெரு பார்க்குதுன்னுதான் ஒத்துக்கிட்டார். சென்சாரைக் கழட்டிட்டு அந்த ஓட்டையில கேஜை மாட்டினார். அவ்வளவு நேரம் ஓடாம இருந்ததாலயோ என்னவோ, ஸ்டார்ட் பண்ணதும் முள் ரெண்டு கிலோ பிரஷர்ல நின்னுச்சு. அண்ணன், "பாருங்க, பிரஷர் இருக்கு!"ன்னார். வீட்டுக்காரர், "உங்க குழம்பு காட்டுது"ன்னார். "பேசாதீங்க, ரேஸ் பண்ணுங்க"ன்னேன் நான்.

கொழுந்தன் ஏறி உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதிச்சான். முள் நாலுக்கு ஏறுச்சு. பேரிங் தேஞ்ச எஞ்சின் இப்படித்தான் ஏறி நிக்கும். வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் கேஜை விட்டுக் கண்ணை எடுக்கல. ரெண்டு நிமிஷம், மூணு நிமிஷம். முள் லேசா நடுங்குச்சு. மூணரை. மூணு. எஞ்சின் அதே வேகத்துலதான் ஓடுது. ரெண்டு. ஒண்ணு.

"ஆஃப் பண்ணு தம்பி!"ன்னு கத்தினேன். ஆஃப் பண்ணிட்டான்.

கால் மணி நேரம் விட்டோம்.  மறுபடி ஸ்டார்ட் பண்ணா முள் ரெண்டுல வந்து நிக்குது, ஒண்ணுமே நடக்காத மாதிரி.

"தேஞ்ச பேரிங் கால் மணி நேரத்துல வளர்ந்துடுச்சாங்க?"ன்னு கேட்டேன். "தலைமுடியா அது?"

எதிர்ப் பட்டறையில யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க. வீட்டுக்காரர் ஸ்பானர் செட்டை எடுத்துட்டு வண்டிக்கு அடியில போனார்.

ஆயிலை வடிய விட்டா நூலாட்டம் கெட்டியா இறங்குது. "பாரு, பாரு உங்கண்ணன் மருந்தை!"ன்னு அடியிலேர்ந்தே குரல் வந்துச்சு. போல்ட் எல்லாம் கழண்டும் சம்பு வரல. அவ்வளவு இறுக்கமா ஒட்டியிருக்கு. கத்தியை விட்டு நெம்பி, தட்டி, கடைசியில பிடுங்கினார். கொழுந்தன் டார்ச் அடிச்சான். நான் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தேன்.

உள்ள எண்ணெயை உறிஞ்சுற குழாய் இருக்கு, அதோட வாயில ஒரு சல்லடை. அந்தச் சல்லடை கண்ணுக்கே தெரியல. சாம்பல் கலர்ல ரப்பர் மாதிரி துண்டு துண்டா அப்பிக்கிட்டிருக்கு. சம்போட ஓரத்துலயும் உள்பக்கமா அதே சாம்பல் கலர், விரல் தடிமனுக்கு வழிஞ்சு இறுகி, பாதி பிஞ்சு தொங்குது.

கேஸ்கெட் பேஸ்ட். சம்பை மூடும்போது கசியாம இருக்க ஓரத்துல மெல்லிசா தடவுற சமாச்சாரம். இவர் தடவல, சுவரு பூசியிருக்கார். இறுக்கினதும் உபரியா இருந்தது எல்லாம் உள்பக்கம் பிதுங்கியிருக்கு. அது பிஞ்சு எண்ணெய்ல மிதந்து சல்லடையை மூடியிருக்கு. வேகமா ஓடினா இழுப்புல வந்து அடைக்கும், நிறுத்தினா உதிர்ந்து விழும். ஒரு சொட்டு கசியாத சம்போட லட்சணம் இதுதான்.

 எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு வீட்டுக்காரர் கை மெதுவா வேஸ்ட் துணிப் பக்கம் போச்சு. சல்லடையைத் துடைக்கப் பார்க்கிறார்!

எட்டி அவர் மணிக்கட்டைப் பிடிச்சேன். "துடைச்சீங்கன்னா நடக்கிறதே வேற."

கையை எடுத்துட்டார். ஆனா வாய் மூடுமா? "இது ஒரு காரணம். பேரிங்கும் போயிருக்கும். பிரஷர் இல்லாம ஓட்டியிருக்கே, போகாம இருக்குமா?"ன்னு ஒரு பேரிங் மூடியைக் கழட்டினார். கழட்டும்போது அவர் மூஞ்சியைப் பார்த்தேன். என் எஞ்சின் கெட்டிருக்கணும்னு அவர் வேண்டிக்கிறது எனக்குத் தெரிஞ்சுது.  இவரோடவா பதினெட்டு வருஷம் குடித்தனம் பண்ணேன்?

பேரிங்கைத் துடைச்சு வெளிச்சத்துல பிடிச்சார். ஒரு கீறல் இல்ல. நகத்தை வெச்சு உரசிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். இன்னொண்ணையும் கழட்டினார். அதுவும் அப்படியே இருந்துச்சு.

"விளக்கு மினுக்கினப்போ எல்லாம் அண்ணி ஆஃப் பண்ணியிருக்காங்க"ன்னான் கொழுந்தன். "நானா இருந்தா ரெண்டு கிலோமீட்டர்தானேன்னு ஓட்டியிருப்பேன்."

இப்பவாவது ஒரு வார்த்தை வரும்னு பார்த்தேன். வந்தது அண்ணன் குரல். "பார்த்தீங்களா மாப்ளே! என் மருந்து போய்ப் படிஞ்சதாலதான் பேரிங் பிழைச்சுது."

"உங்க குழம்புதான் மச்சான் அந்தத் துண்டை எல்லாம் இழுத்துட்டு வந்து ஒட்ட வெச்சுது. இளகின எண்ணெயா இருந்தா இவ்வளவு சீக்கிரம் அடைச்சிருக்காது."

"பேஸ்ட்டை அப்பினது நானா நீங்களா?"

"அளவு கொஞ்சம் கூடிப்போச்சு. அதுக்காக நீங்க ஊத்தினது அமிர்தம் ஆயிடுமா?"

கடவுளே! சல்லடை கண்ணு முன்னாடி இருக்கு, பேரிங் வெளிச்சத்துல இருக்கு, நான் குத்துக்கல்லாட்டம் எதிர்ல நிக்கிறேன். இவங்க ரெண்டு பேரும் இன்னும் மருந்தைப் பத்திப் பேசுறாங்க. யார் சரி, யார் தப்புன்னு அவங்களுக்குள்ள தீர்த்துக்கணுமாம். யாரைத் திட்டினோம், யார் பேர் தெருவுல நாறுச்சுங்கிறது எல்லாம் அவங்க நினைப்புலயே இல்ல.

"ஏங்க"ன்னு கூப்பிட்டேன். "நாளைக்கு யார் ஓட்டுறது?"

கையைத் துடைச்சுக்கிட்டே என்னைப் பார்க்காம சொன்னார். "அதான் காரணம் தெரிஞ்சு போச்சுல்ல, விடு. யாருக்கும் நடக்கிறதுதான். சல்லடையைக் கழுவி சாயங்காலத்துக்குள்ள கட்டிடுறேன். ஆனா தம்பிகிட்ட சொல்லிட்டேனே. எல்லார் முன்னாடியும் சொன்ன வார்த்தை. எப்படி மாத்துறது?"

எனக்குள்ள ஏதோ அறுந்து போச்சு.

"தம்பிகிட்ட சொன்ன வார்த்தையை மாத்த முடியாதா? சரி. என்னைச் சொன்ன வார்த்தை?"

"அது கோபத்துல வாயில வந்தது. அதைப் போய் பெரிசா எடுத்துக்கிட்டு..."

"அதையும் எல்லார் முன்னாடியும்தானே சொன்னீங்க?"

சல்லடையைக் குழாயோட கழட்டச் சொன்னேன். கொழுந்தன்தான் கழட்டிக் கொடுத்தான். எண்ணெய் சொட்டச் சொட்ட அதைத் தூக்கிட்டு நடுத்தெருவுக்கு வந்தேன். காலையில கட்டின சேலை பூரா எண்ணெய். போகட்டும்.

"எல்லாரும் இங்க வாங்க! பாட்டிலைக் காட்டினப்போ வந்தீங்கல்ல, இதையும் வந்து பாருங்க!"

ஒவ்வொருத்தரா வந்தாங்க. எதிர்ப் பட்டறைக்காரர் முன்னாடி வந்து அந்தச் சாம்பல் கலர் துண்டை ஒண்ணு பிச்சு விரல்ல உருட்டினார். என் வீட்டுக்காரருக்கும் அவருக்கும் ஆகாது. சிரிக்கப் போறார்னு நினைச்சேன். சிரிக்கல. சுத்தி நின்ன ஒருத்தரும் சிரிக்கல. அத்தனை பேர் பட்டறையிலயும் அதே பேஸ்ட் டியூப் இருக்கு, அத்தனை பேரும் கொஞ்சம் தாராளமாத்தான் தடவுறாங்க போல.

"சம்பை மூடினது யாரு?"ன்னு அவர் கேட்டார். அவருக்கென்ன, தெரியாமலா கேட்டார்?

நான் வாயைத் திறக்கல. என் வாயால வரக் கூடாது.

வீட்டுக்காரர் பட்டறை வாசல்லயே நிக்கிறார். தரையைப் பார்க்கிறார், ஆகாசத்தைப் பார்க்கிறார். எங்கண்ணன் முதல் தடவையா வாயை மூடிட்டு நின்னார். கொழுந்தன் என் வீட்டுக்காரர் பக்கத்துல போய் மெதுவா சொன்னான். "சொல்லிடுண்ணே. எனக்கு இந்த வண்டி வேணாம்."

"நான்தான்"னார்.

"என்ன நீங்கதான்? முழுசா சொல்லுங்க"ன்னேன்.

"நான்தான் மூடினேன். பேஸ்ட்டை அதிகமாப் போட்டுட்டேன். வண்டியை அவ கெடுக்கல." கொஞ்சம் நிறுத்தி, யாரும் கேக்காமலே சொன்னார். "அவளே ஓட்டட்டும்."

இதைக் கேட்டா மனசு ஆறிடும்னு நினைச்சிருந்தேன். ஆறல. இன்னும் பத்திக்கிட்டு எரிஞ்சுது. காலையிலேர்ந்து முழுங்கி வெச்ச அழுகை அப்பதான் வந்துச்சு, தெருன்னும் பார்க்காம.

"பதினோரு நாளா வாய் வலிக்கச் சொன்னேன். எப்போ எரியுது, எப்போ அணையுது, எதுவோ அடைக்குதுன்னு எல்லாம் சொன்னேன். சென்சார் பேச்சைக் கேட்டீங்க. பாட்டிலைப் பத்தி எங்கண்ணன் பேசினதைக் கேட்டீங்க. கேஜ் முள்ளு சொன்னதைக் கேட்டீங்க. இந்த அழுக்குச் சல்லடை வாயே திறக்கல, பார்த்த உடனே நம்பிட்டீங்க. பதினெட்டு வருஷம் உங்க கூட இருந்திருக்கேன். நான் என்னங்க, உங்களுக்கு இதை விடக் கேவலமா?"

 எதிர்ப் பட்டறைக்காரர் செருமிட்டுத் திரும்பி நடந்தார். மத்தவங்களும் அவர் பின்னாடியே அவங்கவங்க பட்டறைக்குப் போனாங்க. அண்ணன் எப்போ நழுவினார்னு நான் பார்க்கல. மறுபடி சுத்தியல் சத்தம் ஒவ்வொரு பட்டறையா ஆரம்பிச்சுது. என் வீட்டுக்காரர் மட்டும் அங்கேயே நின்னுட்டிருந்தார்.